நல்ல தண்ணி டேங்க்கை மெரைன் டேங்க்கா மாத்தணுமா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வீட்ல ஏற்கனவே ஒரு 3 அடி டேங்க் இருக்கு, கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எல்லாம் வளத்தாச்சு, இப்ப மெரைன், அதாவது உப்புத் தண்ணில கடல் மீன் வளக்கணும்னு ஆசை வந்துருக்கு, இதே டேங்க்ல உப்பு போட்டா போதுமா இல்ல எல்லாத்தையும் மாத்தணுமா... எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான். பதிலை இப்பவே சொல்லிடறேன். உங்க பழைய செட்டப்ல கண்ணாடியும் ஸ்டாண்டும் நிச்சயமா மிஞ்சும். மண்ணு, மரக்கட்டை, செடி, ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியா, மீனு, இதுல எதுவும் உப்புத் தண்ணிக்கு வராது. அதனால பழைய கண்ணாடில புதுசா ஒரு டேங்க் ஆரம்பிக்கிறதா நெனச்சு காசும் நேரமும் ஒதுக்குங்க. ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் மீனே இல்லாம வெறும் கல்லையும் தண்ணியையும் பாத்துட்டு இருக்கத் தயார்னா மேல படிங்க, அந்தப் பொறுமை இப்ப இல்லைன்னா கொஞ்ச நாள் கழிச்சு ஆரம்பிங்க, தப்பே இல்ல.

பொறுமையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சென்னைல மீன் கடைங்க நிறைஞ்ச கொளத்தூர்ல நீங்க வாங்குற கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாம் பெரும்பாலும் பண்ணைல பொறந்து வளந்தது. கடைல இருக்குற மெரைன் மீன் வகைகள்ல பெரும்பாலானது அப்படி இல்ல, எங்கயோ ஒரு பவளப்பாறைல நீந்திட்டு இருந்ததை வலை போட்டுப் புடிச்சு, பைல அடைச்சு, ஃப்ளைட்ல ஏத்தி, ரெண்டு மூணு கை மாறி உங்க ஊருக்கு வந்தது. நாம அவசரப்பட்டா செத்துப் போறது அந்த ஜீவன். அது மனசுல இருந்தா பாதித் தப்பு நடக்காது.

முதல்ல டேங்க்கைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ரூமைப் பத்தி யோசிங்க. வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் ஹீட்டர் வாங்குன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல சமவெளில இருக்குறவங்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, நமக்குப் பிரச்சனை சூடுதான். மெரைன் டேங்க்குக்கு 25-லிருந்து 27 டிகிரி நல்லது, 28 வரைக்கும் சமாளிக்கலாம். சென்னைல மே மாசம் ரூமே 33, 34 டிகிரிக்குப் போகும், அதோட லைட்டும் மோட்டாரும் தர்ற சூடு வேற. தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் கொறையும், அதோட ஒரே சூட்டுல நல்ல தண்ணியவிட உப்புத் தண்ணில ஆக்சிஜன் சுமார் அஞ்சுல ஒரு பங்கு கம்மியாத்தான் கரையும், ஆக ரெண்டு பக்கமும் அடி. மேல ஒரு சின்ன ஃபேனை தண்ணி மட்டத்தைப் பாத்து ஓட விட்டா தண்ணி ஆவியாகி 2, 3 டிகிரி கொறையும், ஆனா புழுக்கமான நாள்ல அந்த அளவுக்குக் கொறையாது. தண்ணியைக் குளிர வெக்கிற சில்லர் போட்டா பிரச்சனையே இல்ல, ஆனா விலையும் கரன்ட் பில்லும் ஜாஸ்தி. ஏசி ஓடுற ரூம் இருந்தா அங்கயே வைங்க. ஒரு 100 ரூபா தெர்மாமீட்டரை இப்ப இருக்குற நல்ல தண்ணி டேங்க்ல போட்டு, மத்தியானம் மூணு மணிக்கும் விடியக்காலையும் ஒரு வாரம் பாத்து எழுதி வைங்க. 30-ஐத் தாண்டுதுன்னா மத்த எதுக்கும் முன்னாடி அதுக்கு வழி பண்ணுங்க.

சரி, டேங்க். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னா முழுசா ரொப்புனா கிட்டத்தட்ட 127 லிட்டர் புடிக்கும், கல்லு, மண்ணு, மேல விடுற இடம் எல்லாம் போக 100 லிட்டர் தண்ணி நிக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதை விடச் சின்ன டேங்க் வேண்டாம்னுதான் சொல்லுவேன். சின்னதுல தண்ணி கொஞ்சம் ஆவியானாலே உப்பு ஏறிடும், ஒரு நத்தை செத்தாலே அம்மோனியா ஏறிடும். கண்ணாடி ஓரத்துல இருக்குற சிலிக்கான் எங்கயாவது உரிஞ்சிருக்கா, கருத்துருக்கா பாருங்க, நல்ல தண்ணியா ரொப்பி வெளில வெச்சு ரெண்டு நாள் கசிவு இருக்கான்னு பாத்துருங்க. இரும்பு ஃபிரேம், இரும்பு மூடி, துருப்புடிக்கிற ஸ்க்ரூ எது இருந்தாலும் மாத்திடுங்க, உப்புக் காத்துக்கு அது நிக்காது. முன்னாடி இந்த டேங்க்ல காப்பர் சேர்ந்த மீன் மருந்து ஊத்துனதுண்டான்னு ஞாபகப்படுத்திப் பாருங்க, நத்தை, இறால், நண்டு மாதிரி முதுகெலும்பு இல்லாத உயிருக்குக் காப்பர் விஷம், துளி மீதி இருந்தாலும் ஆபத்து. வெள்ளை வினிகர் கலந்த தண்ணி ஊத்தி ஊற வெச்சு, தேய்ச்சு, நாலஞ்சு தடவை அலசுங்க. சோப்பு மட்டும் கூடவே கூடாது.

இருக்குற மீனை என்ன பண்றது? உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி கோல்டு ஃபிஷ்ஷைப் பழக்கலாமான்னு சிலர் கேக்குறாங்க, முடியாது. நல்ல தண்ணி மீனோட உடம்புக்குள்ள உப்பு ஜாஸ்தி, வெளில கம்மி, அதனால தண்ணி தானா உள்ள போயிட்டே இருக்கும், அது மூத்திரமா வெளில தள்ளிட்டே இருக்கும். கடல் மீனுக்கு நேர் எதிர், உடம்புல இருந்து தண்ணி வெளில போயிட்டே இருக்கும், அது கடல் தண்ணியைக் குடிச்சு உப்பை செவுள் வழியா வெளியேத்தும். கோல்டு ஃபிஷ்ஷோட உடம்பு அப்படி மாறிக்காது. மோலி மாதிரி சிலது விதிவிலக்கு, மோலியை நிதானமா பல நாள் எடுத்து ஏத்துனா முழு உப்புத் தண்ணிலயும் இருக்கும், பாசியும் தின்னும். மத்த மீனை எல்லாம் டேங்க் வெச்சிருக்குற தெரிஞ்சவங்களுக்கோ வாங்குன கடைக்கோ குடுத்துருங்க. ஏரி, குளம், கெணத்துல விட்றாதீங்க, டேங்க் கிளீனர்னு வாங்குன சக்கர் மீனை இப்படி விட்டு விட்டுத்தான் அது இன்னிக்கு நம்ம ஊர் நீர்நிலைகள்ல பெருகி நாட்டு மீனோட எடத்தைப் புடிச்சுட்டு நிக்குது.

பழைய ஃபில்டரை மட்டும் தூக்கிப் போடாதீங்க. மோட்டார் நல்லா கழுவினா ஓடும், ஆனா ஸ்பாஞ்ச்ல இருக்குற பாக்டீரியா திடீர்னு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு, கடல் தண்ணியோட அளவு) உப்புல பெரும்பாலும் செத்துரும், செத்தது அழுகி அம்மோனியாவா வரும், அதனால ஸ்பாஞ்சை நல்லா அலசிக் காய வைங்க. சின்ன பிளாஸ்டிக் டப்பா டேங்க் ஒண்ணு இருந்தா அதையும் வைங்க, பின்னாடி புது மீனைத் தனியா வெக்க அதுதான் உதவும்.

இப்ப தண்ணி. மெரைன்ல பாதி வெற்றி இதுலதான் இருக்கு. போர் தண்ணியோ கார்ப்பரேஷன் தண்ணியோ நேரா ஊத்தாதீங்க. குளோரின் பிரச்சனை ஒரு பக்கம், அதுல இருக்குற சிலிகேட், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் பாசிக்குச் சாப்பாடு, பழைய பைப்ல இருந்து காப்பர் கூட வரலாம். ஆர்ஓ தண்ணி வேணும். வீட்டு ஆர்ஓ மெஷின்ல வர்றதையும் அப்படியே நம்பாதீங்க, குடிக்க ருசியா இருக்கணும்னு பல மெஷின்ல டிடிஎஸ் கன்ட்ரோலர் வெச்சு பச்சைத் தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடுவாங்க, மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு, மினரல் எவ்வளவுன்னு காட்டுற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பாருங்க. 0 வந்தா பிரமாதம், 10-க்குள்ள இருந்தா நல்லது. 60, 80-ன்னு காட்டுச்சுன்னா மெம்பரேன்ல இருந்து நேரா வர்ற லைனைத் தனியாப் பிரிச்சு, அதுக்கப்புறம் மிச்சம் இருக்குற உப்பையும் இழுத்துக்குற ஒரு டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் மாட்டச் சொல்லி மெக்கானிக் கிட்ட கேளுங்க, அது பெரிய வேலை இல்ல.

கடல்தான் பக்கத்துல இருக்கே, ரெண்டு கேன் எடுத்துட்டு வந்துரலாமேன்னு தோணும். சில அனுபவசாலிங்க செய்றாங்க, ஆழத்துல இருந்து எடுத்து, வடிகட்டி, இருட்டுல வெச்சு. கரையோரத்துல கூவமும் அடையாறும் கலக்குற தண்ணியைப் புதுசா ஆரம்பிக்கிறவங்க எடுத்து ஊத்துறது எனக்குச் சம்மதம் இல்ல. சமையல் உப்பு, கல்லுப்பு எதுவும் ஆகாது, கடல் தண்ணில சோடியம் குளோரைடு மட்டுமில்ல, மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் ஒரு விகிதத்துல இருக்கு. அந்த விகிதத்துல பண்ணி விக்கிறதுதான் மெரைன் சால்ட் மிக்ஸ், ரெட் சீ, இன்ஸ்டன்ட் ஓஷன், ட்ராபிக் மரின்னு பல பிராண்ட் கெடைக்குது, மீன் மட்டும் வளக்குறதுக்கு சாதாரண வகையே போதும்.

கலக்குறதுக்கு ஒரு நீல டிரம் வாங்குங்க, கெமிக்கல் வந்த பழைய டிரம் வேண்டாம், சாப்பாட்டுப் பொருள் வெக்கிற தரத்துல புதுசா வாங்குங்க, பின்னாடி ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தவும் இதே டிரம்தான். முதல்ல தண்ணியை ரொப்புங்க, உள்ள ஒரு மோட்டாரை ஓட விடுங்க, அப்புறம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டுங்க. உப்பை முதல்ல போட்டு மேல தண்ணி ஊத்துனா அடில இறுகி கால்சியம் வெள்ளை வெள்ளையா தனியாப் பிரிஞ்சுரும், அது மறுபடி கரையாது. லிட்டருக்கு 35-லிருந்து 38 கிராம்னு ஒரு கணக்கு, 100 லிட்டருக்குக் கிட்டத்தட்ட மூணேமுக்கால் கிலோ வரும், நீங்க மூணரை கிலோல நிறுத்திட்டு அளந்து பாத்து மீதியைச் சேருங்க. ஒரு நாள் முழுக்க ஓடட்டும், தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு வரணும்.

உப்பு எவ்வளவுன்னு அளக்குறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்க. முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்ல ஒரு காத்துக் குமிழ் ஒட்டிட்டா கணக்கே தப்பாயிடும். ரிஃப்ராக்டோமீட்டரோட கண்ணாடி மேல ரெண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்ச்சு, அரை நிமிஷம் விட்டுட்டு வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாத்தா நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு தெரியும், அது 35 பிபிடி, அடர்த்தி அளவுல பாத்தா 1.025-லிருந்து 1.026-ல நிக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை 35 பிபிடி கேலிபிரேஷன் திரவத்தை வெச்சு சரி பாருங்க, வெறும் ஆர்ஓ தண்ணில 0 காட்டுதுங்குறதை மட்டும் நம்பாதீங்க, 0 சரியா இருந்தும் 35-ல தப்பு காட்டுற மீட்டர் உண்டு.

டேங்க் உள்ள அடுக்குறது. பழைய கலர் கல்லு, ஆத்து மணல், மரக்கட்டை எல்லாம் வெளில. அரகோனைட் மணல்னு கேட்டு வாங்குங்க, கால்சியம் கார்பனேட்டால ஆனது, ஒரு இன்ச் உயரத்துக்கு இந்த டேங்க்குக்குப் பத்து கிலோ ஆகும். கல்லு விஷயத்துல கவனமா இருங்க. கடல்ல இருந்து எடுத்த பவளப்பாறைத் துண்டை லைவ் ராக்னு யாராவது வித்தா வாங்காதீங்க. பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இதெல்லாம் 2001-ல 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு, செத்த பவளத்தை வெச்சிருந்தாலும் வழக்குதான். சட்டத்தை விடுங்க, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல மன்னார் வளைகுடால 21 தீவை 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சு வெச்சிருக்காங்கன்னா அங்க பவளம் எடுத்து எடுத்துப் பட்ட பாடுதான் காரணம், நம்ம ஹால்ல அழகுக்கு அதை மறுபடி உடைக்க வேண்டாம். சிமென்ட், செராமிக்ல ஓட்டை ஓட்டையா செஞ்ச செயற்கை ராக் இப்ப நல்லாவே வருது, பாக்டீரியா குடியிருக்க அந்த ஓட்டைதான் முக்கியம். அடில கண்ணாடி மேலயே கல்லை ஆடாம நிக்க வெச்சு, அதுக்கப்புறம் மணலைப் போடுங்க. மணல் மேல கல்லை வெச்சா, மணலைத் தோண்டுற மீன் ஒரு நாள் தோண்டித் தோண்டி கல்லைச் சாய்ச்சுரும்.

மோட்டார் வகையில தண்ணியை அலை மாதிரி தள்ளி ஓட்டுற வேவ்மேக்கர் ஒண்ணு கண்டிப்பா வேணும், மணிக்கு 1000-லிருந்து 2000 லிட்டர் தள்ளுறது போதும், தண்ணியோட மேல்மட்டம் எப்பவும் அலையடிக்கிற மாதிரி திருப்பி வைங்க. புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்க முடிஞ்சா வாங்குங்க, மீன் கழிவை நுரையோட மேல தள்ளி ஒரு கப்புல சேத்துரும், காத்தும் நல்லா கலந்து விடும். காசு கம்மின்னா முதல்ல வேவ்மேக்கர், ஆர்ஓ, ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட், இந்த நாலும் வாங்கிட்டு ஸ்கிம்மரை அடுத்து பாத்துக்கலாம், தண்ணி அடிக்கடி மாத்துனா ஓடும். கரன்ட் விஷயத்துல ஒண்ணு, உப்புத் தண்ணி நல்லா கரன்ட் கடத்தும், வயர் வழியா ஊர்ந்து வரும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறுற மாதிரி விடுங்க, ஜங்ஷன் பாக்ஸை டேங்க்குக்கு நேர் கீழ வெக்காதீங்க, வீட்ல கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஆர்சிசிபி இல்லைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல்ல அதை மாட்டுங்க.

தண்ணியை ஊத்தியாச்சு, மோட்டார் ஓடுது. இப்பதான் சைக்கிளிங், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியாவை மீன் விடுறதுக்கு முன்னாடியே டேங்க்ல வளத்து எடுக்குறது. நல்ல தண்ணில இதைப் பாக்காம மீனை விட்டு தப்பிச்சவங்க நிறைய பேர், இங்க தப்பிக்க முடியாது. அம்மோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும், அதுல ஒண்ணுதான் கொடிய விஷம், பிஹெச் 7-ல அந்த விஷ வடிவம் நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது, மெரைன் டேங்க்கோட பிஹெச் 8.1, 8.3-க்குப் போகும்போது அது பத்து மடங்குக்கு மேல ஏறிடும். அதனால மீனை விட்டு சைக்கிள் பண்றதை விட்டுருங்க. அம்மோனியம் குளோரைடு சொட்டு கெடைச்சா 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) வர்ற வரைக்கும் ஊத்துங்க, கெடைக்கலைன்னா மார்க்கெட்ல வாங்குன ஒரு சின்ன இறாலை உரிச்சு வலைத்துணில கட்டித் தொங்க விடுங்க, அது அழுகி அம்மோனியா வரும், நாத்தம் கொஞ்சம் இருக்கும். மெரைனுக்குன்னு விக்கிற பாக்டீரியா பாட்டில் ஊத்துனா வேகம் கூடும். லைட்டை அணைச்சே வைங்க, இப்ப வெளிச்சத்தால பாசிக்கு மட்டும்தான் லாபம்.

ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணி ஒரு நோட்ல எழுதுங்க. முதல்ல அம்மோனியா ஏறும், அப்புறம் அது எறங்க எறங்க நைட்ரைட் ஏறும், அது ரொம்ப நாள் அங்கயே நிக்கும், சலிச்சுப் போயிரும், அப்புறம் ஒரு நாள் சட்டுனு விழுந்து நைட்ரேட் மட்டும் மிஞ்சும். நாலுலருந்து ஆறு வாரம் ஆகலாம். முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்னா, 2 பிபிஎம் அம்மோனியா ஊத்தி 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் 0 காட்டணும். அதுக்கப்புறம் பாதித் தண்ணியை மாத்துங்க. டெஸ்ட் கிட் வாங்கும்போது உப்புத் தண்ணிக்கும் ஒத்துவருமான்னு பாருங்க, சில கிட்ல அதுக்குக் கலர் அட்டை தனியா இருக்கும்.

இந்தச் சமயத்துல கல்லு, மணல் எல்லாம் காபிப்பொடி கொட்டுன மாதிரி பழுப்பா மாறும். அது டயட்டம்னு ஒரு வகைப் பாசி. பெரும்பாலான புது டேங்க்ல வரும், தானா போயிரும், எந்த மருந்தும் ஊத்தாதீங்க. அது வந்தப்புறம் ரெண்டு மூணு டர்போ நத்தை விட்டா மேய்ஞ்சு விடும்.

முதல் மீன் எதுன்னா என் பதில் எப்பவும் க்ளவுன்தான், கடைல நீமோன்னு சொல்லுவாங்க. அழகுக்காக மட்டும் சொல்லல, அதைப் பண்ணைலயே குஞ்சு பொரிக்க வெச்சு வளக்க முடியும், நம்ம மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ-லயும் (மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) பரங்கிப்பேட்டைல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயும் அந்த வேலையைச் செஞ்சு காமிச்சிருக்காங்க. பண்ணைல பொறந்ததா, கடல்ல புடிச்சதான்னு கடைல கேளுங்க, பண்ணைதுன்னா தீனி உடனே எடுக்கும், டேங்க்குக்குப் பழகுனது. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு ரெண்டு வாங்குங்க, எல்லாமே ஆணாத்தான் இருக்கும், பெருசு பொண்ணா மாறி ரெண்டும் ஜோடி சேர்ந்துரும். கடல்ல அது ஒண்டிக்கிட்டு இருக்குற பூ மாதிரி உயிரான அனிமோன் இல்லாமலே நல்லா இருக்கும், புது டேங்க்ல அனிமோன் நிக்காது. வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரரை ஒரு தடவை தீனி போடச் சொல்லிப் பாருங்க, சாப்பிடலைன்னா அன்னிக்கு வெறுங்கையோட திரும்பி வாங்க.

டாம்செல் விலை கம்மி, தாங்கும், அதனால முதல்ல அதை விடுன்னு சொல்லுவாங்க. விடாதீங்க, ஒரு மாசத்துல டேங்க் முழுக்க தன்னோடதுன்னு ஆக்கிட்டு புதுசா வர்ற எல்லாத்தையும் கடிக்கும், கல்லுக்குள்ள பூந்துக்கிட்டா புடிச்சு எடுக்க எல்லாக் கல்லையும் கலைக்கணும். ப்ளூ டேங் 3 அடில வளரவே முடியாது, 6 அடியாவது வேணும். மாண்டரின் அழகுல மயங்காதீங்க, அது பெரும்பாலும் உயிரோட இருக்குற பொடிப் பொடி உயிரினங்களைத்தான் தின்னும், புது டேங்க்ல பட்டினி கெடந்தே செத்துரும்.

வாங்கிட்டு வந்த மீனை அந்த டப்பா டேங்க்ல, ஸ்பாஞ்ச் ஃபில்டரோட ஒரு நாலு வாரம் தனியா வைங்க. மீன் ஒட்டுண்ணி மெயின் டேங்க்ல வந்துட்டா எல்லா மீனையும் வெளில எடுத்து ரெண்டரை மாசம் காலியா போட வேண்டி வரும், காப்பர் மருந்தை மெயின் டேங்க்ல ஊத்தவே முடியாது. பையைத் தொறக்காம தண்ணில 20 நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு சமமாகட்டும். தூரத்துல இருந்து ரொம்ப நேரம் பைல வந்த மீனுன்னா, பையைத் தொறந்ததும் உள்ள சேர்ந்த கரியமில வாயு வெளியேறி பிஹெச் ஏறும், பைத் தண்ணில இருக்குற அம்மோனியா அப்பதான் விஷமாகும், அதனால தொறந்து வெச்சு மணிக்கணக்கா சொட்டு சொட்டா விட்டுட்டு இருக்காதீங்க, டப்பா டேங்க்கோட உப்பை முன்னாடியே கடையோட அளவுக்கு வெச்சுட்டு சீக்கிரமா மாத்துங்க. நத்தை, இறாலுக்கு மட்டும் ட்யூபுல முடிச்சுப் போட்டு டேங்க் தண்ணியை ஒரு மணி நேரம் சொட்ட விடுங்க. பைத் தண்ணியை டேங்க்ல ஊத்தாதீங்க.

தினசரி வேலை கம்மிதான், ஆனா விடக்கூடாது. ஃபேன் ஓடுனா நாளுக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் ஆவியாகும், தண்ணிதான் போகும், உப்பு உள்ளயேதான் இருக்கும், அதனால வெறும் ஆர்ஓ தண்ணியைத்தான் ரொப்பணும், உப்புத் தண்ணி ஊத்துனா உப்பு ஏறிட்டே போகும். கண்ணாடி மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கோங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 10-லிருந்து 15 லிட்டர் மாத்துங்க, டிரம்ல முந்தின நாளே கலக்கி, உப்பும் சூடும் ஒத்துப் பாத்துட்டு. கரன்ட் போனா ஓடுற மாதிரி ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைங்க, வேவ்மேக்கர் நின்னு மூணு நாலு மணி நேரம் ஆனா சூடான தண்ணில மீன் மேல வந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சுரும்.

க்ளவுன் ஜோடி விட்டு ஒரு மாசம் அம்மோனியா ஏறாம, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்ள நின்னுச்சுன்னா அடுத்து ஒரு கோபி, அதுக்கப்புறம் இன்னொரு மாசம் விட்டு ஒரு ஃபயர் ஃபிஷ். 100 லிட்டர் தண்ணிக்கு இந்த நாலு மீனே போதும். ஃபயர் ஃபிஷ் வாங்குறதுக்கு முன்னாடி டேங்க் மேல கொசுவலையை ஃபிரேம் அடிச்சு மூடிருங்க, அது பயந்தா வெளில குதிக்கும்.